அக்குளில் ஒரு வெளிச்சம்

திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைக்கும் பனியன் கம்பெனி ஒன்றின் பேக்கிங் பகுதியை நீங்கள் பார்த்ததுண்டா? தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் முடித்து, இஸ்திரி போட்ட ஆடைகள் அட்டைப் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் இன்னும் ஒரு சோதனை உண்டு. சிறு சுரங்கம் போன்ற ஒரு கருவியின் ஊடே நாடா ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஆடைகளை அதன்மேல் வைத்து அனுப்புவார்கள். தையல் எந்திரத்தின் ஊசி ஒடிந்து, அதன் முனை துணியின் மடிப்பில் எங்கேனும் தங்கிவிட்டால், அது கடல் கடந்து போய் ஏதோ ஒரு குழந்தையின் முதுகில் குத்தும். அப்படி நேராமல் தடுக்கவே இந்தக் கருவி. உள்ளே ஊசித் துண்டு இருந்தால் மணி அலறும், நாடா நின்றுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஊசி என்றால் என்னவென்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரும்பு ஒன்றுதான். ஜிப்பிலோ பொத்தானிலோ இரும்பு கலந்திருந்தாலும் அதே மணிதான் அடிக்கும். ஆகவே மணி அடித்தவுடன் யாரும் ஆடையைக் கிழித்து எறிவதில்லை. எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் இரும்பு இருக்கிறது, அது அங்கே இருக்க வேண்டியதா, வேண்டாததா என்று விசாரிக்கிறார்கள்.

மருத்துவமனையிலும் இதே குணமுள்ள கருவி ஒன்று இருக்கிறது. புற்றுநோய் உடலில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று தேடும் கருவி அது. 'பெட் ஸ்கேன்' என்று அதைச் சொல்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் அந்தக் கருவியின் மணி தப்பான இடங்களில் அடிக்கத் தொடங்கியது. காரணம் வேறொரு ஊசி, தடுப்பூசி!

தமிழ்நாட்டில் 18 முதல் 44 வயது வரையுள்ளவர்களுக்குக் கொரோனாத் தடுப்பூசி போடும் பணியை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது திருப்பூரில்தான். 2021 மே 20ஆம் நாள், நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில் அது நடைபெற்றது. பின்னர் பல கம்பெனிகளின் வளாகத்திலேயே முகாம் போட்டுத் தொழிலாளர்களுக்கு ஊசி போட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு முகாமின் வரிசையில் நிற்கும் ஒரு பெண்மணியை நாம் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பது. ஓவர்லாக் எந்திரத்தில் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்து, அறுவையும் மருந்தும் முடிந்து, மீண்டும் வேலைக்கு வந்திருக்கிறார். வலக்கையால் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இடக்கையைத்தான் ஊசிக்கு நீட்டுவார்கள். வலித்தால் வேலை கெடாது அல்லவா? இவரும் அப்படியே செய்தார். பத்து நாள் கழிந்தது. சில வாரங்களாகவே விடாமல் இருந்த முதுகுவலிக்காக மருத்துவர் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். புற்று எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் சென்று எடுத்தார். முதுகெலும்பில் ஒன்றுமில்லை. ஆனால் இடது அக்குளில் நான்கைந்து புள்ளிகள் விளக்குப் போலப் பளிச்சென்று தெரிந்தன.

மார்பகப் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் அந்தப் பக்கத்து அக்குள்தான். நோய் திரும்பிவிட்டதா?

விடை காண வேண்டுமானால் இரண்டு செய்திகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அந்தப் படத்தில் எது ஒளிர்கிறது என்பது. மற்றொன்று, அக்குளில் என்ன இருக்கிறது என்பது.

சர்க்கரையைப் பின்தொடரும் கருவி

1920களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் ஓர் உண்மையைக் கண்டார். புற்றுநோய்க் கட்டியின் செல்கள் சாதாரணச் செல்களைவிட மிக அதிகமாகக் குளுக்கோஸ் சர்க்கரையை விழுங்குகின்றன. ஓயாமல் பெருகும் செல்லுக்கு ஆற்றலும் வேண்டும், புதுச் செல் கட்டுவதற்கு மூலப்பொருளும் வேண்டும். வார்பர்க்குக்கு 1931இல் நோபல் பரிசு கிடைத்தது. அது செல்களின் சுவாசத்துக்குரிய நொதியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. புற்றின் சர்க்கரைப் பசி பயன்பாட்டுக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

சர்க்கரை எங்கே அதிகம் போகிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடிந்தால் கட்டி எங்கே என்று சொல்லிவிடலாம். அதற்காகச் செய்த தந்திரம் அழகானது. குளுக்கோஸ் மூலக்கூறில் ஓரிடத்தில் இருக்கும் ஆக்சிஜனும் ஹைடிரஜனும் சேர்ந்த சிறு தொகுதியை நீக்கிவிட்டு, அங்கே கதிரியக்கமுள்ள புளூரின்-18 அணுவைப் பொருத்தினார்கள். இதற்கு எப்.டி.ஜி. என்று சுருக்கமாகப் பெயர். செல் இதனைச் சர்க்கரை என்றே நம்பி உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதல் நொதி வழக்கம்போல் தன் வேலையைச் செய்கிறது. இரண்டாம் நொதியிடம் வரும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. மாறிப்போன வடிவத்தை வைத்துக்கொண்டு அதனால் மேற்கொண்டு வேலை செய்ய முடிவதில்லை. தையல் வரிசையில் முதல் மேஜை துணியை வாங்கித் தைத்துவிட்டது, அடுத்த மேஜையால் தைக்க இயலவில்லை என்றால் என்ன ஆகும்? அந்த இடத்தில் துணி குவியும். அதுபோல எப்.டி.ஜி. செல்லுக்குள் தேங்கிவிடுகிறது. எந்தச் செல் அதிகம் தின்றதோ அதில் அதிகத் தேக்கம்.

புளூரின்-18 சிதையும்போது பாசிட்ரான் என்னும் துகளை வெளிவிடும். எலெக்ட்ரானின் நிறையே இதற்கும். மின்னூட்டம் மட்டும் நேர் மின்னூட்டம். இது பக்கத்திலுள்ள எலெக்ட்ரான் ஒன்றோடு மோதியவுடன் இரண்டும் அழிந்து, எதிர் எதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் புறப்படுகின்றன. நோயாளியைச் சுற்றி வளையமாக அமைந்த உணர்விகள் ஒரே கணத்தில் வந்து சேரும் இவ்விரு கதிர்களையும் பிடித்து, அவை எந்தக் கோட்டில் புறப்பட்டன என்று கணக்கிடுகின்றன. இலட்சக்கணக்கான கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது படம் கிடைக்கிறது.

இந்தப் புளூரினின் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். அதாவது காலையில் 100 பங்கு இருந்தால், 110 நிமிடத்தில் 50 பங்கு, இன்னும் 110 நிமிடத்தில் 25 பங்கு. பனிக்கட்டி வியாபாரம் போலத்தான். செய்த உடனே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 1976 ஆகஸ்டில் முதன்முதலாக மனிதருக்கு இதைச் செலுத்தியபோது, நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, விமானத்தில் ஏற்றிப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுசென்றார்கள். நம் நாட்டில் 2002இல் மும்பை பரேலில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவ மையம் இதற்கென ஒரு சைக்ளோட்ரானை நிறுவியது. இன்று திருப்பூர்க்காரர்கள் ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவைக்குப் போனால் போதும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் படத்தில் ஒளிர்வது புற்று அல்ல, சர்க்கரைச் செலவு. மூளை எப்போதும் சர்க்கரையைத் தின்பதால் எல்லாருடைய படத்திலும் மூளை ஒளிரும். சிறுநீரகம் வழக்கமான குளுக்கோஸைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் எப்.டி.ஜி.யை அவ்வளவாக மீட்பதில்லை. எனவே சிறுநீர்ப்பையும் ஒளிரும். முந்தின நாள் பளு தூக்கியவருக்குத் தசை ஒளிரும். ஸ்கேனுக்கு வருபவரை ஆறு மணி நேரம் உண்ணாமல் இருக்கச் சொல்வதும், ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல் கொள்ளாமல் படுக்க வைப்பதும், குளிராமல் போர்வை கொடுப்பதும் இதற்காகத்தான். குளிர்ந்தால் கழுத்தோரத்திலுள்ள பழுப்புக் கொழுப்பு வெப்பம் உண்டாக்கச் சர்க்கரையை எரிக்கும். அதுவும் படத்தில் விழும். நம் நாட்டில் இன்னொரு பெரிய ஏமாற்றுக்காரன் காசநோய். காசநோய் கண்ட நிணநீர்க் கணுக்களைப் புற்று என்று ஐயுற்று, பின்பு திசுவைச் சோதித்து உண்மை தெரிந்த சம்பவங்கள் இந்திய மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

நெறி கட்டுவது எதனால்?

காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால் இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெல்லிக்காய் போல ஒன்று வீங்கி வலிக்கும். "நெறி கட்டியிருக்கிறது" என்று பாட்டி சொல்லுவார். புண் காலில், வீக்கம் இடுக்கில்! ஏன்?

நம் உடலில் இரத்தக் குழாய்களைத் தவிர நிணநீர்க் குழாய்கள் என்று வேறொரு வலைப்பின்னலும் உண்டு. திசுக்களிலிருந்து கசியும் நீரை இவை திரட்டிக்கொண்டுபோய் மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. வழியில் ஆங்காங்கே சுங்கச்சாவடிகள் போல நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. உடல் முழுதும் ஏறக்குறைய 600 கணுக்கள். ஒவ்வோர் அக்குளிலும் இருபது முப்பது. அவரை விதை வடிவமான இந்தக் கணுக்களுக்குள் வெள்ளணுக்களில் ஒரு வகையான நிணநீர் அணுக்கள் காத்திருக்கின்றன. காலிலிருந்து வரும் நிணநீரில் கிருமியின் துண்டு இருந்தால், அதற்குப் பொருத்தமான அணுக்கள் விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, அரை நாளுக்கு ஒரு முறைகூட இரட்டிக்கும். சாவடியில் கூட்டம் சேர்கிறது, கணு வீங்குகிறது. அதுவே நெறி.

உங்கள் இடது தோளுக்குச் சற்றுக் கீழே பாருங்கள். பலருக்கு அங்கே சிறு தழும்பு ஒன்று இருக்கும். நீங்கள் பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. சென்னை கிண்டியிலுள்ள பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் 1948இல் தொடங்கப்பட்டது. இந்த ஊசி போட்ட சில குழந்தைகளுக்கு அதே பக்கத்து அக்குளில் நெறி கட்டுவதைத் தாய்மார்கள் கண்டு பயப்படுவதுண்டு. மேற்கையிலிருந்து புறப்படும் நிணநீருக்கு முதல் சாவடி அக்குளே. கையில் போட்ட எந்தத் தடுப்பூசியின் பாடமும் முதலில் அங்கேதான் கற்பிக்கப்படுகிறது.

கொரோனாத் தடுப்பூசியும் மேற்கைத் தசையில் போடப்பட்டது. அக்குள் கணுக்களில் நிணநீர் அணுக்கள் வேகமாகப் பெருகின. வேகமாகப் பெருகும் செல்லுக்கு என்ன வேண்டும்? சர்க்கரை! விழித்தெழுந்த நிணநீர் அணுவின் சர்க்கரைப் பசி, வார்பர்க் கண்ட புற்றுச் செல்லின் பசியைப் போன்றதே. ஒன்று கட்டுப்பாட்டோடு பெருகி, வேலை முடிந்ததும் அடங்கும், மற்றொன்று அடங்காது. ஆனால் ஒரே ஒரு நாள் எடுக்கும் படத்தில் இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? ஊசித் துண்டுக்கும் ஜிப்புக்கும் ஒரே மணிதான்.

இது மருத்துவர்களுக்கு முற்றிலும் புதிய அனுபவம் என்று சொல்ல முடியாது. அம்மைத் தடுப்பு ஊசிக்குப்பின் வீங்கிய கணுக்கள் நுண்ணோக்கியில்கூட நிணநீர்ப் புற்றைப் போலத் தோற்றமளித்து ஏமாற்றுவதைப் பற்றி 1968லேயே அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2009இல் பரவிய பன்றிக் காய்ச்சலுக்கான தடுப்பூசிக்குப் பின்பும் அக்குள் ஒளிர்ந்தது. ஆனால் அப்போதெல்லாம் அங்கொருவர் இங்கொருவர். 2021இலோ, புற்றுநோயாளிகள் உட்பட உலகமே சில மாதங்களுக்குள் கையை நீட்டியது.

இஸ்ரேலில் டெல் அவிவ் நகரின் மருத்துவமனை ஒன்றில் அவ்வாண்டு, பைசர் தடுப்பூசி போட்டுக்கொண்ட 728 பேரின் பெட் படங்களை ஆராய்ந்தார்கள். நூற்றுக்குச் சுமார் 45 பேருக்கு ஊசி போட்ட பக்கத்துக் கணுக்கள் ஒளிர்ந்தன. இரண்டாம் தவணைக்குப்பின் இது இன்னும் அதிகம். அப்படி ஒளிர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினருக்குத் தடுப்பூசியே காரணம் என்று முடிவு செய்ய முடிந்தது. ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு அது உண்மையாகவே புற்று. மீதி 15 சதவீதத்தினரைப் பற்றி அப்படி என்றும் சொல்ல முடியவில்லை, இப்படி என்றும் சொல்ல முடியவில்லை. இந்தியாவில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு வேறு முறையில் தயாரானது. அந்த வகைத் தடுப்பூசிக்குப் பின்பும் அக்குள் ஒளிர்வதை வெளிநாட்டு மருத்துவமனைகள் பதிவு செய்தன.

எந்தக் கையில், எந்த நாளில்?

நம் பெண்மணியிடம் திரும்புவோம். படத்தைப் பார்த்த மருத்துவர், அவரைத் தயார் செய்த செவிலியை விசாரிக்கச் சொல்கிறார்.

"அக்கா, சமீபத்துல ஏதாவது ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"ஆமாங்க, கம்பெனியிலயே வந்து போட்டாங்க. பத்து நாளாச்சுங்க."

"எந்தக் கையிலக்கா?"

"இதோ, இந்த இடக்கையிலதானுங்க."

இந்த நான்கு வரிகள் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்? அக்குளில் ஊசி குத்தித் திசு எடுத்திருப்பார்கள். நோய் திரும்பிவிட்டது என்ற பேச்சே ஒரு குடும்பத்தைக் கலக்கப் போதுமானது. ஷிப்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு ஒவ்வொரு மருத்துவமனை நாளும் வருமானமில்லாத நாள்.

விடை கிடைத்ததும் மருத்துவர் படத்தை வேறு கண்ணோடு பார்க்கிறார். கணுக்கள் ஊசி போட்ட பக்கத்தில் மட்டும் இருக்கின்றனவா? மேற்கைத் தசையில் ஊசி இறங்கிய இடமும் மங்கலாக ஒளிர்கிறதா? அல்ட்ரா சவுண்டில் பார்த்தால் கணு அவரை விதை வடிவத்தை இழக்காமல், நடுவிலுள்ள கொழுப்புப் பகுதி கெடாமல் இருக்கிறதா? புற்று குடியேறிய கணு பெரும்பாலும் உருண்டு திரண்டு, நடுக்கொழுப்பை இழந்துவிடும். எல்லாம் தடுப்பூசியையே சுட்டினால், சில வாரம் பொறுத்து மீண்டும் பார்க்கலாம். அடங்கும் ஒளியானால் தடுப்பூசி; அடங்காமல் வளர்ந்தால் திசுச் சோதனை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. என் கருத்தில் அதுவே அதிக ஆபத்தானது. "ஊசி போட்டார் அல்லவா, அதுதான்" என்று எல்லா ஒளியையும் தள்ளிவிட்டால், டெல் அவிவ் கணக்கிலுள்ள அந்த 5 சதவீதத்தினரின் நோய் வளர்ந்துகொண்டே போகும். அதிலும் நம் பெண்மணிக்கு நோய் வந்ததும் இடப்பக்கம், ஊசி போட்டதும் இடப்பக்கம். இரண்டு சந்தேகங்களும் ஒரே அக்குளில் வந்து விழுந்துவிட்டன. அவர் வலக்கையை நீட்டியிருந்தால் சிக்கல் பெருமளவு குறைந்திருக்கும். ஒரு மார்பில் புற்று வந்தவர்களுக்கு மறுபக்கத்துக் கையில் ஊசி போடுங்கள் என்று 2021இல் அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளைச் சேர்ந்த நிபுணர்கள் கூறினார்கள். அவசரமில்லாத ஸ்கேன்களை ஊசிக்குப்பின் ஆறு வாரமாவது தள்ளி வையுங்கள் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

தள்ளி வைப்பது எல்லாருக்கும் பொருந்துமா? பொருந்தாது. சிகிச்சை பலிக்கிறதா என்று உடனே தெரிந்தாக வேண்டியவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. அமெரிக்க மார்பகப் பட மருத்துவர்களின் சங்கம் 2021 தொடக்கத்தில், வழக்கமான மார்பக எக்ஸ்ரே சோதனையை ஊசிக்கு முன்போ, இரண்டாம் தவணைக்குப்பின் நான்கு முதல் ஆறு வாரம் கழித்தோ வைத்துக்கொள்ளலாம் என்றது. 2022இல் அந்த யோசனையை அதுவே மாற்றிக்கொண்டது. சோதனையைத் தள்ளிப் போடுபவர்கள் பலர் திரும்பி வராமலே இருந்துவிடுகிறார்கள். நாளையும் கையையும் குறித்துக்கொண்டால் போதும், படத்தை எடுத்துவிடலாம் என்பது அனுபவம் கற்பித்த பாடம். தடுப்பூசியையே விட்டுவிடலாம் என்று மட்டும் எந்த நிபுணரும் சொல்லவில்லை. நோய் எதிர்ப்பு குன்றிய புற்றுநோயாளிக்குத் தொற்றுநோய் மற்றவர்களைவிடக் கொடியது.

கொரோனா முகாம்கள் முடிந்துவிட்டன. ஆனால் இன்புளூயன்சா ஊசி, மஞ்சட்காமாலையில் ஒரு வகைக்கான ஊசி ஆகியவை இன்றும் மேற்கையில் போடப்படுகின்றன. அவற்றில் எதற்குப் பின்னும் அக்குள் ஒளிரக்கூடும். உங்கள் வீட்டில் யாரேனும் ஸ்கேனுக்குப் போவதானால், என்ன ஊசி, எந்த நாள், எந்தக் கை என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

இதில் இன்னொரு வினோதமும் உண்டு. நிணநீர் அணுக்களிலேயே புற்று தோன்றும் நோயாளிகள் சிலருக்கு, எதிர்ப்பொருள் தயாரிக்கும் அணுக்களையே அழிக்கும் மருந்து தரப்படுகிறது. டெல் அவிவ் குழுவினர் இப்படிப்பட்டவர்களையும் ஆராய்ந்தார்கள். அவர்களில் பலருக்குத் தடுப்பூசி போட்டும் அக்குள் ஒளிரவில்லை. இரத்தத்தைச் சோதித்தபோது காரணம் விளங்கியது. அக்குள் ஒளிர்ந்தவர்களின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தது. ஒளிராதவர்கள் பலரிடம் அது உண்டாகவே இல்லை. நம் பெண்மணியைக் கலங்க வைத்த அதே வெளிச்சம், அவருடைய உடல் கொரோனாவை எதிர்க்கக் கற்றுக்கொண்டிருந்ததற்கு அடையாளம். படம் இருட்டாக இருந்த அந்த நோயாளிகளுக்கோ, ஊசி போட்டும் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம் என்று மருத்துவர் சொல்ல வேண்டியிருந்தது.